அப்பத்தா 12 நாளாக டிவி போடவே இல்லை. செட்டாப் பாக்ஸ் பழக்குவது எப்படி?

திருப்பூர்_பேத்தி | 2019 பிப்ரவரி 16

எல்லோருக்கும் வணக்கம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

என் அப்பத்தாவுக்கு 79 வயது. மணப்பாறையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில் தனியாக இருக்கிறார். நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். மாதம் ஒருமுறைதான் ஊருக்குப் போக முடியும். அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று, இன்னொரு கண்ணில் எடுக்கவில்லை.

வீட்டில் இருப்பது முன்பு அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த 14 இஞ்ச் கலர் டிவி. இத்தனை வருடமும் அவருக்கு ஒரே வழக்கம்தான். விளக்கேற்றியதும் சுவரில் சுவிட்சைப் போடுவார், டிவியின் முன்னால் இருக்கும் பட்டனை இரண்டு தடவை அமுக்குவார், நாடகம் வந்துவிடும். ரிமோட்டைத் தொட்டதே இல்லை. அது பாலிதீன் பையோடு அலமாரியில் இருந்தது.

போன மாதக் கடைசியில் கேபிள்காரர் அனுப்பிய பையன் வந்து, பழைய லைன் இனிமேல் வராது என்று சொல்லி பாக்ஸ் மாட்டியிருக்கிறான். இலவசம் என்று ஊரெல்லாம் சொன்ன பாக்ஸுக்கு 400 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். அதைக்கூட விட்டுவிடலாம். ஐந்து நிமிடத்தில் வேலையை முடித்து, ரிமோட்டைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். மறுநாள் அப்பத்தா எப்போதும் போல அந்தப் பட்டனை அமுக்கியிருக்கிறார். திரை முழுக்க நீலமாகிவிட்டது. தான் எதையோ கெடுத்துவிட்டோம் என்று பயந்து, டிவி மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. 12 நாள் கழித்து நான் போனில் நாடகத்தைப் பற்றிப் பேச்செடுத்தபோதுதான், "அது போயிருச்சு தாயி, விடு" என்றார்.

எனக்கு மனசே ஆறவில்லை. சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பெரியம்மாக்கள் இரண்டு பேர் அங்கே வந்து உட்காருவார்கள். டிவி இல்லாததால் அவர்களும் வருவதில்லை. நவம்பரில் கஜா புயல் வந்த ராத்திரி மூன்று பேரும் டிவியில் செய்தி கேட்டுத்தான் மாட்டை அவிழ்த்துக் கட்டினார்கள்.

வரும் மாதம் முதல் வாரத்தில் இரண்டு நாள் லீவு போட்டு ஊருக்குப் போகிறேன். அந்த இரண்டு நாளில் அவருக்கு எப்படிப் பழக்குவது? இதோடு சேனல் வேறு தேர்வு செய்ய வேண்டும் என்று ஆங்கிலத்தில் ஒரு தாள் கொடுத்திருக்கிறார்களாம்.

சென்னை_மாம்பலம் | 2019 பிப்ரவரி 16

பேசாமல் தூர்தர்ஷனின் இலவச டிஷ் வாங்கி மாட்டிவிடுங்கள். ஒருமுறை செலவு செய்தால் போதும், மாதக் கட்டணமே கிடையாது. பொதிகை நன்றாக வரும். ஆனால் அதிலும் பாக்ஸும் ரிமோட்டும் உண்டு. அப்பத்தா பார்க்கும் நாடகங்களும் அதில் வராது. அதை யோசித்துக்கொள்ளுங்கள்.

சென்னையில் 2003 செப்டம்பரிலேயே கட்டண சேனலுக்கு பாக்ஸ் வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். அப்போது என் அம்மாவும் இதே மாதிரிதான் திணறினார். தெருவில் படிக்கும் பிள்ளை யாராவது தினமும் வந்து போட்டுக் கொடுக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

தேனி_லைன் | 2019 பிப்ரவரி 17

தங்கச்சி, நான் சின்னமனூர் பக்கம் கேபிள் லைன் நடத்துகிறேன். என் வீட்டுக்காரர் 1996-ல் ஆரம்பித்தது. அவர் தவறியபின் நானே பார்க்கிறேன். இப்போது 312 கனெக்‌ஷன். 2017 கடைசியில் தொடங்கி ஒன்றரை வருடமாக ஒவ்வொரு வீட்டுக்கும் பாக்ஸ் மாற்றினோம். அதில் தனியாக இருக்கும் வயசாளிகள், கண் தெரியாதவர்கள், கை விளங்காதவர்கள் என்று நாற்பது வீட்டுக்கு மேல் இருக்கும். அந்த வீடுகளுக்குப் பையனை அனுப்பாமல் நானே போனேன். முதல் பத்து வீட்டில் நானும் அந்தப் பையன் செய்ததைத்தான் செய்தேன். அப்புறம்தான் புரிந்தது.

முதலில் ஒன்று சொல்கிறேன். அப்பத்தாவுக்கு ரிமோட் பழக்க வேண்டும் என்று நினைத்துப் போகாதீர்கள். அவருக்கு ஏற்கெனவே ஒரு பழக்கம் இருக்கிறது: சுவிட்ச், அப்புறம் ஒரு பட்டன். புதுப் பெட்டியை அந்தப் பழக்கத்துக்குள் கொண்டுவர முடியுமா என்று பாருங்கள். 79 வயதில் புதுப்பாடம் படிக்கச் சொன்னால், முடியாமல் போகும்போது தன்னைத்தான் குறை சொல்லிக்கொள்வார்கள். உங்கள் அப்பத்தா துண்டு போட்டு மூடியது அதனால்தான். என் லைனில் ஒரு அம்மா, பாக்ஸ் கெட்டுப்போனால் பணம் கேட்பார்களோ என்று பயந்து பிளக்கையே பிடுங்கி வைத்திருந்தார்.

நீலத்திரை வந்தது ஏன் என்று சொல்கிறேன். முன்பு கேபிள் வயர் நேராக டிவிக்குள் போனது. டிவியே சேனலைப் பிரித்துக்கொண்டது. அதனால் முன்பட்டனை அமுக்கினால் சேனல் மாறியது. இப்போது பிரிக்கிற வேலையை பாக்ஸ் செய்கிறது. படம் மஞ்சள் வயரிலும் சத்தம் வெள்ளை, சிவப்பு வயரிலும் டிவிக்கு வருகிறது. டிவி ஏவி என்ற ஒரே இடத்தில் நின்றால்தான் படம் தெரியும். அப்பத்தா பழைய பட்டனை அமுக்கியதும் டிவி ஏவியை விட்டு பழைய சேனல் இடத்துக்குப் போய்விட்டது. அங்கே இப்போது ஒன்றும் இல்லை. அவ்வளவுதான். எதுவும் கெடவில்லை என்று போனில் இன்றைக்கே அவரிடம் சொல்லிவிடுங்கள், மார்ச் வரை அந்தப் பயத்தோடு இருக்க வேண்டாம்.

ஊருக்குப் போனதும் டிவியை சுவிட்சில் அணைத்துப் போட்டுப் பாருங்கள். சில டிவி மறுபடி ஏவியிலேயே நிற்கும். நின்றால் பாதி வேலை முடிந்தது. டிவி, பாக்ஸ் இரண்டின் பிளக்கையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் சொருகி, சுவரில் அவருக்குப் பழகிய அதே சுவிட்சில் கொடுத்துவிடுங்கள். நிற்காவிட்டால் எலக்ட்ரிக்கல் கடையில் ஆர்எஃப் மாடுலேட்டர் என்று கேளுங்கள், சின்னப் பெட்டி. பாக்ஸிலிருந்து வரும் மூன்று வயரையும் அதில் கொடுத்தால், பழைய கேபிள் வயர் மாதிரி ஒரே வயராக டிவிக்குப் போகும். டிவியில் ஒரு சேனலை அதற்கு டியூன் செய்துவிட்டால் டிவி பழையபடி அங்கே நிற்கும். முன்பட்டன்களின் மேல் ஒரு அட்டையை ஒட்டிவிடுங்கள். டிவியின் பழைய ரிமோட்டை பீரோவுக்குள் வையுங்கள். வீட்டில் இரண்டு ரிமோட் கண்ணில் படவே கூடாது.

சத்தத்துக்கும் இதே குழப்பம் வரும். டிவிக்கு ஒரு சத்தம், பாக்ஸுக்கு ஒரு சத்தம். டிவி சத்தத்தை முக்கால் அளவில் வைத்து விட்டுவிடுங்கள். கூட்டுவதும் குறைப்பதும் பாக்ஸில் மட்டும் இருக்கட்டும்.

இனி பாக்ஸ் ரிமோட். அதில் நாற்பது பட்டன் இருக்கும், அப்பத்தாவுக்கு வேண்டியது நான்கு: சேனல் மேலே, கீழே, சத்தம் கூட, குறைய. நான் பழைய சைக்கிள் டியூபை ரிமோட் அகலத்துக்கு வெட்டி உறை மாதிரி மாட்டி, அந்த நான்கு பட்டன் இருக்கும் இடத்தில் மட்டும் ஓட்டை போடுவேன். சேனல் பட்டன் மேல் சிவப்பு நகப்பாலிஷை இரண்டு மூன்று பூச்சு வைத்துக் காயவிட்டால் விரலுக்கு மேடாகத் தட்டுப்படும். கண் மங்கினாலும் விரல் சொல்லிவிடும். முழுக்கப் பார்வை இல்லாத ஒரு அண்ணாச்சி எங்கள் லைனில் இருக்கிறார். அவருக்கு நகப்பாலிஷ்கூடத் தேவைப்படவில்லை. பெரும்பாலான ரிமோட்டில் 5-ஆம் நம்பர் மேல் ஒரு சின்னப் புள்ளி இருக்கும். அதைத் தடவி மற்ற எண்களைக் கணக்குப் போட்டுக்கொள்கிறார். நியூஸ் சேனல் எண்கள் எல்லாம் மனப்பாடம். போன தடவை சேனல் எண்களை மாற்றியபோது மட்டும் மிகவும் வருத்தப்பட்டார். நான் போய் உட்கார்ந்து புது எண்களைச் சொல்லச் சொல்ல, அவர் திருப்பிச் சொன்னார்.

பல பாக்ஸில் பிடித்த சேனலை மட்டும் ஒரு பட்டியலாக வைக்க முடியும். அப்பத்தா பார்ப்பது ஐந்தோ ஆறோ இருக்கும். அதை மட்டும் பட்டியலில் போட்டால் மேலே கீழே அமுக்கும்போது அதற்குள்ளேயே சுற்றும். இல்லாவிட்டால் நூறு சேனலுக்குள் தொலைந்துபோவார்.

எந்தச் சேனல் வேண்டும் என்று கேட்காதீர்கள், பதில் வராது. "காலையில் எழுந்ததும் என்ன ஓடும்? மத்தியானம் சாப்பிடும்போது? விளக்கு வைத்ததும்?" என்று பொழுதைக் கேளுங்கள். அவர் சொல்வதிலிருந்து சேனல் எது என்று நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத் தாளையும் இதை வைத்தே நிரப்பலாம். கட்டணம் இப்படி வரும்: டிராய், அதாவது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், வைத்த உச்சவரம்பு நூறு சேனலுக்கு 130 ரூபாய், 18 சதவீத வரியோடு 153 ரூபாய் 40 காசு. தூர்தர்ஷன் சேனல்கள் 25 இதற்குள்ளேயே வந்துவிடும். கட்டண சேனலுக்குத் தனி. சன் டிவி 19 ரூபாய், வரியோடு 22 ரூபாய் 42 காசு. அது ஒன்று போதுமென்றால் 175 ரூபாய் 82 காசு. அப்பத்தாவுக்கு முதியோர் பென்ஷன் 1,000 ரூபாய்தான் வரும் என்று நினைக்கிறேன். அதில் அவர் பார்க்காத சேனலுக்கு ஒரு ரூபாய்கூடப் போகக்கூடாது. தொகுப்பைத் தலையில் கட்டினால் வாங்காதீர்கள். தேர்வு செய்ய மார்ச் 31 வரை நேரம் கொடுத்திருக்கிறார்கள், யாராவது இன்றே கையெழுத்துப் போடு என்று அவசரப்படுத்தினால் கேட்க வேண்டாம்.

இன்னும் இரண்டு விஷயம். பாக்ஸ் மேல் பூத்துணி போட்டு மூடியிருந்தால் எடுத்துவிடுங்கள். ரிமோட்டின் ஒளி பாக்ஸின் முகத்தில் பட்டால்தான் வேலை செய்யும். ரிமோட் கெட்டுவிட்டது என்று வந்த புகாரில் பாதி எனக்கு இந்தத் துணியால் வந்ததுதான். அப்புறம், கரண்ட் போய் வந்தால் பாக்ஸ் விழிக்க ஒரு நிமிடம், சில பெட்டிக்கு அதற்கு மேலும் ஆகும். பழைய டிவி சட்டென்று வந்தது இல்லையா, இவர்கள் வரவில்லை என்று மறுபடி அணைப்பார்கள், மறுபடி போடுவார்கள், அது மறுபடி முதலிலிருந்து தொடங்கும். எங்கள் ஊர் ஆத்தாக்களிடம், "சுவிட்சைப் போட்டுட்டு ஒரு சொம்பு தண்ணி மோந்து குடிச்சிட்டு வந்து உட்காருங்க" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

முதல் நாள் நீங்கள் போட்டுக் காட்டாதீர்கள், அவர் கையில் கொடுத்து அவரைப் போடச் சொல்லுங்கள். பத்து தடவையாவது அணைத்துப் போடட்டும். மூன்றாம் நாள் கட்டாயம் போன் செய்யுங்கள். முதல் நாள் எல்லோரும் சரி சரி என்று தலையாட்டுவார்கள். மறதி மூன்றாம் நாள்தான் தெரியும்.

ஈஸ்ட்ஹாம்_மகன் | 2019 பிப்ரவரி 18

தேனி அக்கா எழுதியதை வாசித்தபோது எங்கட அம்மாவின் ஞாபகம் வந்தது. நாங்கள் யாழ்ப்பாணம், இப்போது லண்டனில் இருக்கிறோம். இங்கே 2012 ஏப்ரலில் பழைய ஒளிபரப்பை நிறுத்தினார்கள். 4-ஆம் தேதி பிபிசி 2 நின்றது, 18-ஆம் தேதி மற்றவையும் நின்றன. அப்போது அம்மாவுக்கு 77 வயது. தமிழ் நிகழ்ச்சிகளுக்கு வேறு டிஷ் இருந்தது. ஆனால் அவரது அறையில் இருந்த பழைய டிவியில் காலையில் காலநிலை அறிக்கை பார்ப்பார். வந்த புதிதில் இங்கிலீஷ் பழகியதே அதைப் பார்த்துத்தான்.

நிறுத்துவதற்குப் பல மாதம் முன்பே அம்மாவின் பெயருக்குக் கடிதம் வந்தது. 75 வயதுக்கு மேற்பட்டவர்கள், மாற்றுத்திறனாளிக்கான உதவித்தொகை எடுப்பவர்கள், பார்வையற்றோர் என்று பதிவு செய்தவர்கள், பராமரிப்பு இல்லத்தில் ஆறு மாதமாவது இருப்பவர்கள், இவர்களுக்கு என்று பிபிசி தனியாக ஒரு உதவித் திட்டம் நடத்தியது. காசு டிவி லைசன்ஸ் கட்டணத்திலிருந்து. பெரும்பாலானோர் 40 பவுண் கட்ட வேண்டும், வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசம். அதற்குள் பெட்டி, சுலபமான ரிமோட், வீட்டுக்கு வந்து பூட்டிக் கொடுத்தல் எல்லாம் அடக்கம். தேவையென்றால் அன்டெனா வேலையும் செய்தார்கள்.

எங்களுக்கு வந்தவர் அடையாள அட்டையைக் காட்டிவிட்டு உள்ளே வந்தார். அம்மாவுக்கு விளங்கும் வரைக்கும் ஆறுதலாக இருந்து விளங்கப்படுத்தினார். நான் தமிழில் சொல்லிக் கொடுக்க அம்மா செய்து காட்டினார். அதற்குப் பிறகும் ஒரு வருடம் போன் எடுத்து உதவி கேட்கலாம் என்று ஒரு நம்பர் தந்தார்கள். அம்மா ஒருமுறை எடுத்தார். பெட்டி கெட்டுப்போகவில்லை, பிளக் கழன்று கிடந்தது. அந்தப் பக்கம் இருந்த பிள்ளை சலித்துக்கொள்ளாமல் கதைத்தது என்று பல நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

எல்லாமே சரியாக நடந்தது என்று நான் சொல்லவில்லை. தமிழ் மட்டும் தெரிந்த, பிள்ளைகள் பக்கத்தில் இல்லாத முதியவர்கள் அந்தக் கடிதத்தைக் குப்பை என்று போட்டுவிட்டார்கள். கோயிலில் நாங்கள் சில பேர் உட்கார்ந்து படித்துச் சொல்ல வேண்டியிருந்தது. ஆனாலும் தடுமாறப்போகிறவர் யார் என்று முன்கூட்டியே பட்டியல் எடுத்து, அவரைத் தேடி ஒரு ஆள் வந்தது பெரிய விஷயம்.

தேனி_லைன் | 2019 பிப்ரவரி 18

தம்பி, அந்த ஒரு வருட போன் நம்பர் விஷயத்தைத்தான் இரண்டு தடவை படித்தேன். இங்கே பாக்ஸ் இலவசமாக வந்தது, நல்ல காரியம்தான். சொல்லிக் கொடுக்கிற ஆளுக்கு என்று யாரும் ஒரு கணக்கும் வைக்கவில்லை. ஒரு வீட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் என் பையனுக்கு அன்றைக்கு நான்கு வீடு குறையும். சின்ன லைன்காரர்கள் அதனால்தான் ஓடுகிறார்கள். அந்தப் பையன் செய்தது சரி என்று சொல்லவில்லை, தங்கச்சி. 400 ரூபாய் வாங்கியவர் அரை மணி நேரமாவது உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஒவ்வொரு ஊரிலும் முதியோர் பென்ஷன் வாங்குபவர்களின் பட்டியல் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் அட்டைக்கும் பட்டியல் இருக்கிறது. லைனை நிறுத்துவதற்கு ஒரு மாதம் முன்னால் அந்தப் பட்டியலை எங்கள் கையில் கொடுத்து, இந்த வீடுகளுக்கு இரண்டு தடவை போ, ஒரு தடவைக்கு இவ்வளவு என்று கொடுத்திருந்தால் நாங்களே செய்திருப்போம். எங்களுக்கு ஒவ்வொரு வீட்டின் பரணும் தெரியும்.

திருப்பூர்_பேத்தி | 2019 மார்ச் 5

அக்கா, போய் வந்துவிட்டேன். நீங்கள் சொன்ன மாதிரி அன்றைக்கே போனில் எதுவும் கெடவில்லை என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "அப்ப நான் ஒடைக்கலையா?" என்று கேட்டார்.

பாக்ஸ் மேல் நிஜமாகவே பூத்துணி இருந்தது. அதற்கு மேல் துண்டு. டிவி ஏவியில் நிற்கவில்லை. மணப்பாறையில் இரண்டு கடை ஏறி இறங்கி மாடுலேட்டர் வாங்கினேன், 250 ரூபாய். டியூன் செய்ய எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. சைக்கிள் டியூபை பஞ்சர் கடைக்காரர் சும்மா கொடுத்தார், நகப்பாலிஷ் என்னுடையது. பொழுதைக் கேட்டபோதுதான் தெரிந்தது, அப்பத்தா காலையில் பொதிகையில் விவசாய நிகழ்ச்சி பார்ப்பாராம். இத்தனை வருடத்தில் எனக்கு அது தெரியாது. மொத்தம் ஐந்து சேனல் வந்தது. தாளை அப்படியே நிரப்பிக் கொடுத்துவிட்டேன்.

முதல் நாள் பத்து தடவை போட்டார். இரண்டாம் நாள் காலையில் நான் தூங்கிக்கொண்டிருந்தபோது அவரே போட்டிருந்தார். மூன்றாம் நாள் திருப்பூரிலிருந்து போன் செய்தேன். சத்தம் கூட்டுகிற பட்டனுக்குப் பதில் சேனல் பட்டனை அமுக்கிவிடுகிறாராம். சத்தத்துக்கு வேறு மாதிரி ஏதாவது ஒட்ட வேண்டும் போல. பக்கத்து வீட்டுப் பெரியம்மாக்கள் வந்துவிட்டார்கள், பின்னால் பேச்சுக்குரல் கேட்டது.

ஒரு கேள்வி. அதே தெருவில் ஒரு தாத்தாவுக்குப் பக்கவாதம், வலது கை வராது. இடது கையால் ரிமோட்டைப் பிடித்தால் அமுக்க விரல் இல்லை. அவர் வீட்டுக்கும் செய்து கொடு என்று அப்பத்தா சொல்கிறார். என்ன செய்யலாம்?

தேனி_லைன் | 2019 மார்ச் 5

சத்தத்துக்கு நகப்பாலிஷ் வேண்டாம், துணி பிளாஸ்திரி ஒரு துண்டு ஒட்டுங்கள். மேடும் சொரசொரப்பும் விரலுக்கு வேறு வேறாகத் தெரியும்.

தாத்தாவுக்கு ரிமோட்டைப் பிடிக்கவே விடாதீர்கள். ஒரு முழம் பலகையில் ரிமோட்டை வைத்து இரண்டு பக்கமும் டியூப் ரப்பரால் இறுக்கிக் கட்டி, ரிமோட்டின் முனை பாக்ஸைப் பார்க்கும்படி கட்டிலின் இடது பக்கம் ஆணி அடித்து நிறுத்துங்கள். கையை அப்படியே வைத்து அமுக்கலாம். எங்கள் ஊரில் ஒருவருக்கு இப்படித்தான் செய்திருக்கிறேன். அடிக்கும் முன் அவரைக் கட்டிலில் படுக்கச் சொல்லி, கை எட்டும் இடத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். முதல் தடவை நான் குறிக்காமல் அடித்து, அரையடி தள்ளிப்போய்விட்டது.